இரண்டு புள்ளி நாற்பத்தேழு பேர்

"அப்ப அந்தப் புள்ளி நாப்பத்தேழு யாருட்டி? நானா, ஒம் பிள்ளையா? அத மொதல்ல சொல்லு!"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. எதுத்த வீட்டு அக்கா கதவத் தொறந்து வச்சிருக்காங்க."

"வைக்கட்டு. அவங்களும் கேக்கட்டு. பன்னெண்டு வருசமா இந்த ஊர்ல ஏசி மெக்கானிக்கா கெடக்கேன். அர ஆளுக்கும் கொறவுன்னு என்னைய ஒருத்தன் பேப்பர்ல எழுதித் தந்தது இதான் மொதத் தடவ!"

எதிர் வீட்டு அக்கா என்பது நான்தான். கதவைத் திறந்து வைத்திருந்தது காற்றுக்காக. காற்று வரவில்லை. சரி, வந்ததைக் கேட்டுக்கொண்டேன்.

கத்தியவர் செல்வசிங். அடக்கியவள் அவர் மனைவி ரினி. இருவரும் குளச்சல் பக்கம். வளைகுடாவில், மனாமா நகரின் குதைபியா பகுதியில், எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடிக்கு அவர்கள் வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. ரினி ஒரு தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. செல்வசிங்கின் அம்மா பெயரையே வைத்திருந்தார்கள்: அன்னபாக்கியம். மாமியார் பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்ட ரினிக்கு வாய் வரவில்லை. அதனால் 'பாக்கி' என்று சுருக்கிக்கொண்டாள். அந்தப் பெயருக்குக் கணக்கில் ஓர் அர்த்தம் உண்டு என்று 2006-ஆம் வருடம் மார்ச் மாதம் வரை யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வைத்தவர் டாக்டர் விஜயபாஸ்கர்.

விஜயபாஸ்கர் எதில் டாக்டர் என்று நான் பல இடங்களில் விசாரித்துவிட்டேன். எங்கள் தெருமுனைக் கோல்டு ஸ்டோர், அதாவது மளிகைக் கடை, வைத்திருக்கும் சதக்கத்துல்லாவுக்கே தெரியவில்லை என்றால் அது தெரிய வேண்டிய விஷயமில்லை. அவர் இரண்டு தெரு தள்ளி, ஒரு லாண்டரிக்கு மேலே, 'அமெரிக்கக் குடியேற்ற அறிமுக மையம்' நடத்தினார். வாசல் பலகையில் அமெரிக்கக் கழுகு இருந்தது. வரைந்தவருக்குப் பழக்கம் வேட்டை ராஜாளி வரைவது. ஆகவே அந்தக் கழுகின் தலையில், ராஜாளிக்குக் கண்ணை மூடி மாட்டுவார்களே, அந்தத் தோல் குல்லாய் இருந்தது. கண் தெரியாத அந்தப் பறவைக்குக் கீழேதான் நர்ஸ்கள் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை சர்ச் முடிந்து வரிசையாகப் படியேறுவார்கள்.

ரினிக்கு அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்திருந்தது. பெல்டன் கவுண்டி மருத்துவமனை. நர்ஸ் தேர்வு, ஆங்கிலத் தேர்வு எல்லாம் அவள் ஏற்கெனவே எழுதித் தேறியிருந்தாள். கம்ப்யூட்டரில் ஒரு விண்ணப்பம் நிரப்பி, போனில் ஒரு நேர்காணல் முடித்தால் போதும். விண்ணப்பத்தை நிரப்பித் தரத்தான் விஜயபாஸ்கரிடம் போனாள். பெயர், தெரு, ஊர் என்று மையத்தின் டைப்பிஸ்ட் வாசு அடித்துக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் நின்றான். 'கவுண்டி' என்று ஒரு கட்டம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

"சார், இங்க ஸ்டார் போட்டு கவுண்டி கேக்குது."

விஜயபாஸ்கர் எழுந்து வந்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சொன்னாராம்: "நட்சத்திரம் போட்டால் கட்டாய வினா. கவுண்டி பற்றிக் கேட்கிறார்கள். எத்தனை மார்க் என்று போடவில்லை. அப்படியென்றால் நிறைய மார்க்."

"அது அட்ரஸ் கேக்கதுல்லா சார்? நம்ம ஊர்ல தாலுகான்னு போடுவோமே, அதுமாதிரி," என்று கூடப் போயிருந்த செல்வசிங் சொல்லியிருக்கிறார்.

"மிஸ்டர் செல்வசிங், நீங்கள் ஏசி பார்ப்பவர். அறை குளிர்ந்தால் போதும் உங்களுக்கு. நான் ஒரு கண்டத்தைப் பார்ப்பவன்."

விண்ணப்பம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது; நேர்காணலுக்காக அன்று பிறந்ததுதான் 'கவுண்டி அறிவு' பாடத்திட்டம். பன்னிரண்டு வாரம். வாசு இன்டர்நெட் கடைக்குப் போய் பெல்டன் கவுண்டி என்று தேடி, முதலில் வந்ததை அச்செடுத்து வந்தான். முதல் பக்கத்தில் வெறும் தலைப்பும் படமும்தான் என்று காகிதத்தை மிச்சம் பிடித்து, இரண்டாம் பக்கத்திலிருந்து எடுத்தான். புவியியல், வரலாறு, மக்கள்தொகை என்று மூன்று தலைப்பில் நாலரைப் பக்கம். இது எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று உமாராணி என்ற இன்னொரு நர்ஸ் ஒருமுறை கேட்டாள். "அது மேல்படிப்பு," என்றார் விஜயபாஸ்கர்.

வகுப்பு நேரத்தில் பாக்கியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ரினி என்னைக் கூட்டிப்போனாள். நானாகக் கேட்கவில்லை. அவள் கேட்டபோது நான் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக இருந்தேன், அவ்வளவுதான். பின் பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்து பன்னிரண்டு வாரமும் பாடம் கேட்டேன். இன்றைக்கும் நடுராத்திரி எழுப்பிக் கேட்டால் சொல்வேன்: மொத்தப் பரப்பு 1,146 சதுர மைல். நிலம் 1,142. நீர் 4. அதாவது பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து சதவீதம்.

தொடக்க உரை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பலர் என்னிடம் கேட்கிறார்கள், டாக்டர், நீங்கள் ஏன் அமெரிக்கா போகவில்லை என்று. போனவன் பார்க்கிறான். போகாதவன்தான் படிக்கிறான். பார்த்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் தெரு. எனக்கு முழுப் பரப்பளவும் தெரியும். நான் போயிருந்தால் இந்த மையமே இருந்திருக்காது." எல்லோரும் கைதட்டினார்கள். பாக்கியும் தட்டினாள்.

இரண்டாம் வாரம் எல்லைகள். பெல்டனைச் சுற்றி ஆறு கவுண்டிகள். ரினியை நடுவில் நிறுத்தி, ஆறு நர்ஸ்களைச் சுற்றி நிற்கவைத்து, ஒவ்வொருத்திக்கும் ஒரு கவுண்டியின் பெயர் கொடுத்தார். உமாராணி வடக்கு. வடக்கு எது என்பதற்கு அவர் சிரமப்படவில்லை. கூரையில் ஒரு பச்சை அம்புக்குறி ஒட்டியிருந்தது. அதைக் காட்டி, "கட்டிடக்காரர்களே வடக்கு போட்டுவைத்திருக்கிறார்கள்," என்றார். மூன்று வாரம் அப்படியே நின்று மனப்பாடம் செய்தார்கள். நாலாவது வாரம் தண்ணீர் கேன் கொண்டுவந்த சதக்கத்துல்லா மேலே பார்த்தார், நர்ஸ்களைப் பார்த்தார்.

"சார், அது கிப்லா. நாங்க தொழுவுற திசை. மக்கா மேற்கால இருக்கு. இவங்க எல்லாம் வடக்குன்னு மேற்கைப் பாத்து நிக்கிறாங்க."

விஜயபாஸ்கர் சற்று யோசித்தார். "இது இந்த நாட்டுக் கணக்குப்படி மேற்கு. நாம் படிப்பது அமெரிக்கா. அது பூமிக்கு மறுபக்கம். கொஞ்சம் திரும்பித்தான் இருக்கும்." அதன்பின் யாரும் இடம் மாறவில்லை. கேனை இறக்கி வைத்துவிட்டு, "நல்லா இருங்க," என்று சதக்கத்துல்லா படியிறங்கினார்.

வரலாறு சிறியது. 1857-இல் கவுண்டி அமைந்தது. கர்னல் பெல்டன் என்பவரின் பெயரை வைத்தார்கள். அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. இந்த வரியைப் படிக்கும்போது மட்டும் விஜயபாஸ்கரின் குரல் தழுதழுத்தது. 1884-இல் நீதிமன்றக் கட்டிடம் தீப்பிடித்து ஆவணங்கள் எல்லாம் எரிந்துபோயின. ஆகவே அதற்கு முன் நடந்தது எதுவும் தேர்வில் வராது. எரிந்த ஆவணங்களுக்காக வாராவாரம் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி நடந்தது. முதல் வாரம் சிரித்த செல்வசிங்கை வெளியே அனுப்பிவிட்டார்கள். படியில் உட்கார்ந்து லாண்டரிக்காரனோடு சாயா குடித்தார்.

மக்கள்தொகையில்தான் எல்லாம் கெட்டது. 2000-ஆம் வருடக் கணக்கெடுப்பின்படி பெல்டனில் 9,412 பேர். சதுர மைலுக்கு எட்டுப் பேர். "எட்டு பேரா?" என்றார் வாசலில் நின்ற செல்வசிங். "நான் வந்த புதுசுல லேபர் கேம்ப்ல ஒரு ரூமுக்கே எட்டு பேரு சார். கணக்கெடுக்க யாரும் வரல." நூறு பெண்களுக்குத் தொண்ணூற்றாறு புள்ளி நான்கு ஆண்கள் என்றபோது, அந்தப் புள்ளி நான்கு ஆண் எப்படியிருப்பான் என்று உமாராணி கேட்டாள். டைப் அடித்துக்கொண்டிருந்த வாசு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை வகுப்பில் கவனித்தது நான் ஒருத்திதான். மற்றவர்கள் படிக்க வந்தவர்கள்.

ஆசியர்கள் பூஜ்யம் புள்ளி ஒன்று ஒன்று சதவீதம். விஜயபாஸ்கர் பலகையில் கணக்குப் போட்டார். பத்து புள்ளி மூன்று ஐந்து பேர். "பத்துப் பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். பதினொன்றாவது ஆள் பாதியில் நிற்கிறார். அந்த இடம் காலி."

அடுத்த வரியில் இருந்தது அது. ஒரு வீட்டின் சராசரி அளவு: இரண்டு புள்ளி நாற்பத்தேழு பேர்.

விஜயபாஸ்கர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். "ரினி, உங்கள் வீட்டில் எத்தனை பேர்?"

"மூணு பேர் சார்."

"புள்ளி ஐந்து மூன்று அதிகம்." அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "நாம் போகிற இடத்தின் சராசரியைக் கெடுக்கக் கூடாது. ஒருவர் மூன்று பேராகப் போவார். அடுத்தவர் ஐந்து பேராகப் போவார். பிறகு அந்தப் புத்தகத்தை யார் திருத்துவது? இரண்டு பேர் போக, புள்ளி நாற்பத்தேழு பாக்கி. அவ்வளவுதான் இடம்."

தன் பெயரைக் கேட்ட குழந்தை, "என்ன சார்?" என்றாள்.

மறுவாரமே 'குடும்ப அளவுச் சான்றிதழ்' என்று ஒன்று அச்சடித்து வந்தது. அது கோப்பின் மேலே இல்லாவிட்டால் நேர்காணலுக்கே அழைப்பு வராது என்றார். இதில் ரினியின் சங்கடம் என்னவென்றால், அவள் ஏற்கெனவே இங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். "இரண்டு கவுண்டியில் கால் வைத்தவர்களை அமெரிக்கா நம்பாது," என்று சொல்லி எழுத வைத்தவரும் விஜயபாஸ்கர்தான். மே முப்பத்தொன்றோடு விசா கேன்சல். அதற்குள் அமெரிக்கா வரவில்லையென்றால் அவளும் பிள்ளையும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். அவர்கள் அவள் விசாவில் எடுத்த ஃபிளாட்டில் இருந்தார்கள். செல்வசிங் திரும்பவும் கேம்ப்புக்கு, எட்டாவது ஆளாக.

ஆகவே மூவரும் விஜயபாஸ்கரின் அறைக்குப் போனார்கள். குழந்தையைப் பிடித்துக்கொள்ள நானும்.

"சார், பிள்ளைக்கு நாலு வயசுதான்," என்றாள் ரினி. "பஸ்ல அர டிக்கெட்தான எடுக்கோம்?"

விஜயபாஸ்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குப் பிடித்துவிட்டது. கணக்கு யந்திரத்தை எடுத்துத் தட்டினார். "இரண்டு, அரை. இரண்டு புள்ளி ஐம்பது." மறுபடி தட்டினார். "இன்னும் புள்ளி பூஜ்யம் மூன்று இடிக்கிறது."

அந்தப் புள்ளி பூஜ்யம் மூன்றை எங்கே குறைப்பது என்று எல்லோரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்தோம்.

"எம் மீசைய எடுத்திரட்டா சார்?" என்றார் செல்வசிங்.

நான் பாக்கியின் தலைமுடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். விஜயபாஸ்கர் சிரிக்கவில்லை. பெல்லை அடித்து வாசுவைக் கூப்பிட்டார். நாலரைப் பக்கத்தையும் முதலிலிருந்து படிக்கச் சொன்னார். பதினைந்து நிமிடம் கழித்து முடிவு சொன்னார்: "மீசை மக்கள்தொகையில் சேராது. எடுத்தாலும் குறையாது. இரண்டு பேருக்கு மட்டும் சான்றிதழ் தருகிறேன். எந்த இரண்டு பேர் என்பதில் மையம் தலையிடாது. அது குடும்ப விவகாரம்."

அந்தக் குடும்ப விவகாரம்தான் அன்று எதிர் வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

"நான் பிள்ளையக் கூட்டிட்டு மொதல்ல போறேன். ஒரு வருசம். பொறவு நீங்க வாங்க," என்றாள் ரினி.

"பொறவு எப்படி வருவேன்? சராசரி இடிக்குமே! அங்க ஒருத்தன் செத்தா எனக்கு தந்தி அடிப்பியா?"

"அப்ப நான் என்னத்த செய்யட்டு? நீங்களே சொல்லுங்க. பிள்ளைய விட்டுட்டு வரட்டா?"

பாக்கி உள்ளே யாரிடமோ, "நீர் நாலு, நீர் நாலு," என்று பாடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ரினி எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் சான்றிதழ். இரண்டு என்று எண்ணாலும் எழுத்தாலும் போட்டு, அடியில் அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"நீங்க என்னக்கா சொல்லுறிய?"

நான் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவள் இல்லை. "அந்த ஆஸ்பத்திரிக்காரங்க உன் வாயால கேக்கட்டும், அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதே," என்று மட்டும் சொன்னேன்.

அழைப்பு சான்றிதழில்லாமலேயே வந்தது. ஏப்ரலில் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு. மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தது மையத்தின் எண் என்பதால் விஜயபாஸ்கரின் அறையில்தான் போன். அவர் கோட்டு அணிந்து, ஸ்பீக்கரைப் போட்டு, ரினிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். வாசலில் செல்வசிங். அவர் தோளில் பாக்கி. பிறகு நான்.

மறுமுனையில் ஓர் அம்மாள். அந்த மருத்துவமனையின் தலைமை நர்ஸ். நோயாளிக்கு மூச்சு இறங்கினால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டாள். ரினி சொன்னாள். மருந்து மாறிக் கொடுக்கச் சொல்கிற டாக்டரிடம் எப்படிப் பேசுவாய் என்று கேட்டாள். அதையும் சொன்னாள். பதினோரு வருடம் செய்த வேலை. தண்ணீர் குடிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். விஜயபாஸ்கர் மட்டும் தவித்துக்கொண்டிருந்தார். ஒரு தாளில் 'பரப்பளவைச் சொல்லு' என்று எழுதித் தூக்கிக் காட்டினார்.

கடைசியில் அந்த அம்மாள், எங்கள் பெல்டனைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள்.

விஜயபாஸ்கர் மகிழ்ச்சியில் மேஜையைத் தட்டினார். ரினி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். பரப்பு, நிலம், நீர், ஆறு எல்லை, கர்னல் பெல்டன், தீ, நூறு பெண்கள், தொண்ணூற்றாறு புள்ளி நான்கு ஆண்கள்.

பிறகு அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "கண்ணு, அது வேறு பெல்டன். அது எங்களுக்கு இரண்டு மாநிலம் தள்ளி இருக்கிறது. நாங்கள் பெரிய ஏரிக்கரை. எங்கள் கவுண்டியில் பாதிக்குப் பாதி தண்ணீர்."

கூரையில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. செல்வசிங் தன்னையறியாமல் அதை நிமிர்ந்து பார்த்தார்.

விஜயபாஸ்கர் சளைக்கவில்லை. ரினியின் காதருகே குனிந்து, "பாதித் தண்ணீர் என்பது தவறு என்று சொல்லுங்கள். புள்ளி மூன்று ஐந்து சதவீதம். பாவம், அவர்கள் பக்கத்து ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டன அல்லவா," என்றார்.

"எத்தனை பேர் வருகிறீர்கள்?" என்றாள் அந்த அம்மாள். "வீடு பார்க்க வேண்டும்."

விஜயபாஸ்கர் இரண்டு விரலைக் காட்டினார். அது போதாதென்று சான்றிதழையும் தூக்கிப் பிடித்தார். ரினி அதைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அங்கே மீசையோடு ஓர் ஆள், அவர் தோளில் அரை டிக்கெட்.

"மூன்று," என்றாள். "மூன்று பேர்."

"நல்லது," என்றாள் அந்த அம்மாள். "கணவர் என்ன வேலை?"

அதற்குள் செல்வசிங் போன் பக்கம் வந்துவிட்டார். ஏசி என்றார். எங்கள் ஊரில் எட்டு மாதம் பனி, ஏசிக்கு வேலையில்லை, ஹீட்டர் பார்க்கத் தெரியுமா என்றாள். "அதே சாமான்தான் மேடம். திருப்பி மாட்டுனா சூடு," என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாள் சிரித்தது இந்த முனையில் எல்லோருக்கும் கேட்டது.

அவர்கள் மே இருபத்தெட்டாம் தேதி கிளம்பினார்கள். விசா கேன்சலாக இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுநாள் மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை: "எமது மாணவி படித்த கவுண்டி சரி. மருத்துவமனை இருக்கும் கவுண்டிதான் தவறு. இருந்தும் மையம் பெருமை கொள்கிறது." கீழே ரினியின் படம். செல்வசிங்கையும் பாக்கியையும் வெட்டியிருந்தார்கள். பாக்கியின் கை மட்டும் ரினியின் தோளில் மிஞ்சியிருந்தது. அளந்து வெட்டியது போலத்தான் எனக்குப் பட்டது.

உமாராணி அமெரிக்கா போகவில்லை. அடுத்த வருடமே வாசுவைக் கல்யாணம் செய்துகொண்டு ஷார்ஜாவுக்குப் போய்விட்டாள். பத்திரிகையை வாசுவே டைப் அடித்தான். முகூர்த்த நாளை மட்டும் இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தான். விஜயபாஸ்கர் மஸ்கட்டுக்கு மாறி, இப்போது கனடா சொல்லிக்கொடுக்கிறாராம். நீர்ப்பரப்பு அதிகமாக இருப்பதால் இரண்டு வருடப் படிப்பு. லாண்டரிக்கு மேலே இப்போது ஒரு தையல் கடை. அம்புக்குறி அப்படியே இருக்கிறது, சதக்கத்துல்லா அங்கே நின்றுதான் அஸர் தொழுகிறார்.

போன மாதம் ரினியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. முழங்கால் பனியில் ஓர் ஊர் எல்லைப் பலகை. ஊர் பெயருக்குக் கீழே மக்கள்தொகை 14,206 என்று அரசாங்கம் எழுதியிருக்கிறது. ஏசி குழாய்க்குச் சுற்றுவார்களே, அந்த வெள்ளி டேப்பை வெட்டி ஒட்டிக் கடைசி ஆறை யாரோ ஒன்பதாக்கியிருக்கிறார்கள். யார் என்று ரினி எழுதவில்லை. பக்கத்தில் செல்வசிங் மீசையோடு நிற்கிறார்.

மூன்று பேரும் முழுசாகத்தான் இருக்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன்.